பந்தலில் ஒரு ஏப்பம்

‘சாகும்வரை உண்ணாவிரதம்’ என்ற பதாகையின் கீழே பாயில் படுத்திருந்த பிறெடிக்கு ஏப்பம் வந்தது. சும்மா ஏப்பம் இல்லை, வயிறு முட்டத் தின்றவன் விடுகிற ஏப்பம்.

மாநகர சபையின் பெரிய அதிகாரி ஒஸ்வால்ட் அப்போதுதான் ஏசி வாகனத்திலிருந்து இறங்கி, மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி பந்தலுக்குள் காலை வைத்தார். ஏப்பம் காதில் விழுந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டு வாய்நிறையச் சிரித்தார்.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் வாயை மறித்துப் போட்ட பந்தல் அது. உள்ளே இருக்கிற வரிசை வீடுகளை உடைக்கப் பெக்கோ இயந்திரம் வந்து றோட்டில் உறுமிக்கொண்டு நிற்கிறது. மாற்று வீடு தருவதாகச் சபை காட்டிய காணியில் இன்னும் புல்தான் முளைத்திருக்கிறது. பந்தல் விலகினால் அன்றைக்கே அவ்வளவு சனமும் நடுத்தெருவில்.

“இந்தக் கள்ளக் கூட்டத்துக்காகவே நான் வெள்ளவத்தையில இருந்து வெயிலுக்க வந்தனான்?” என்றார் ஒஸ்வால்ட், பின்னால் வந்த இன்ஸ்பெக்ரர் புவாத்திடம்.

“சேர், கொஞ்சம் இங்கால வாங்க. தனியா ஒரு விஷயம் சொல்லணும்.”

“விஷயம் பிறகு. றஷ்மி, லைவைப் போடும்!”

சபையின் ஊடகப் பிரிவுப் பெண் றஷ்மி போனை உயர்த்திப் பிடித்தாள். ஒஸ்வால்ட் தலைமயிரைக் கோதிக்கொண்டு, இருந்து பேசக் கதிரை தேடினார். பந்தல் காலில் சாய்ந்து, ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மெற்றில்டாதான் கண்ணில் பட்டாள்.

“அக்கா, சும்மா குந்திக்கொண்டிராம ஒரு கதிரையை எடுத்துப் போடுங்கோ.”

“எழும்பினாத் தலை சுத்துது சேர். பின்னால கிடக்கு, எடுங்கோ.”

“கேட்டீங்களே கதையை? ஒரு கதிரை தூக்க ஏலாத சோம்பேறியள், இதுகளுக்குத் தொடர்மாடி வீடு வேணுமாம்!”

கதிரை வரவில்லை. அந்தக் கோபத்தில் அவர் சப்பாத்து நுனியால் பிறெடியின் தலையணையைத் தட்டிவிட்டார். கீழே எண்ணெய் ஊறிய கடதாசிப் பை, அதற்குள் மீன் அடைத்த மாலு பணிஸ், பாதி கடித்தபடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களாவது கொஞ்சம் பாடுபடுகிறார்கள். இவன் தலையணையோடு சரி. தூ!

ஒஸ்வால்ட் அந்தப் பணிஸை இரண்டு விரலால் தூக்கிக் கமராவுக்குக் காட்டினார். சபைக்குள் வாயே திறக்காத மனிதருக்கு லைவ் என்றதும் எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ!

“பாருங்கோ சனங்களே! இதுதான் இவையின்ர சாகும்வரை உண்ணாவிரதம்! பணிஸ் தின்று ஆரும் செத்ததாக் கேள்விப்பட்டிருக்கிறீங்களே?”

பந்தலில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். வெட்கமாக்கும் என்று அவர் நினைத்தார்.

“இன்ஸ்பெக்ரர், என்ன மரம் மாதிரி நிக்கிறீர்? இவனைப் பிடிச்சு ஜீப்பில ஏத்தும்!”

“சேர், அந்த லைவை நிப்பாட்டச் சொல்லுங்க. ஒரே ஒரு நிமிஷம்...”

“ஏன் நிப்பாட்டுவான்? உமக்கும் இவங்களுக்குப் பயமோ? நாடே பாக்கட்டும்!” ஒஸ்வால்ட் நெஞ்சை நிமிர்த்தினார். “இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். இந்தப் பந்தலில ஒரேயொரு ஆளாவது உண்மையாப் பட்டினி கிடந்தா, பெக்கோவை இப்பவே திருப்பி அனுப்புறன். மாற்று வீடு கட்டி முடியும்வரை ஒரு கல்லிலயும் கை வைக்க மாட்டன்!”

துறைமுகத்தில் வேலை செய்கிற ஸ்ரான்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தான். அவன் வீடுதான் பெக்கோவுக்கு முதல் வீடு.

“சேர், சொன்னது சொன்னதுதானே?”

“நான் என்ன உங்களை மாதிரியே? சொன்னது சொன்னதுதான்!”

அந்த நேரம் பார்த்து, தினமும் பந்தலுக்கு வந்துபோகிற டொக்டர் நிலூஷா பிரஷர் பார்க்கும் கருவியோடு உள்ளே வந்தார். பாயில் கிடந்தவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய் மெற்றில்டாவின் பக்கத்தில் முழந்தாளிட்டுக் கையில் பட்டியைச் சுற்றினார்.

“பிரஷர் இன்னும் இறங்கிப் போச்சு அக்கா. நாலு நாளா வெறும் தண்ணியோட கிடந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? தயவுசெய்து ஆஸ்பத்திரிக்கு வாங்கோ.”

“பெக்கோ போகட்டும் டொக்டர், வாறன்,” என்றாள் மெற்றில்டா.

றஷ்மியின் போன் தன்பாட்டில் மெற்றில்டா பக்கம் திரும்பியது. பெண்கள் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாய்விட்டே சிரித்தார்கள்.

“சேர், பெக்கோக்காரனுக்குச் சொல்லுங்கோ,” என்றான் ஸ்ரான்லி. “றிவேர்ஸ் எடுக்க இடம் தாராளமாக் கிடக்கு.”

ஒஸ்வால்டின் முகம் செத்துப்போயிற்று. வாயைக் கொடுத்து வகையாக மாட்டிக்கொண்டவருக்கு உதைக்க ஒரு ஆள் வேண்டும். கையிலிருந்த பணிஸைப் பிறெடியின் மேலேயே எறிந்தார்.

“அப்ப இவன் ஆர்? தின்று தின்று இங்க படுத்துக் கிடக்கிற இந்தத் தெருநாய் ஆர்?”

லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்ரர் புவாத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“வேவு பாக்க நாங்க போட்ட நம்மட சார்ஜன், சேர்.”