முயல்குட்டி கதையின் கடைசிப் பக்கம்

"யார் இதைக் கிழிச்சது?"

சுகாசினி படக்கதைப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். காஞ்சிபுரத்தில், புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கான வார்டு அது. பிஞ்சுகள் நல்ல பண்புகளைக் கற்க வேண்டுமே என்று அவரே எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்துக் கொடுத்த புத்தகம். பின்னட்டையில் பட்டுப்புடவையில் அவர் படம்கூட உண்டு. அது பத்திரமாக இருந்தது.

கிழிந்தது கடைசிப் பக்கம். அலமாரியில் இருந்த எல்லாப் பிரதிகளிலும்.

"அதுலதாம்மா நீதியே இருக்குது!" என்றார் நர்ஸிடம்.

"விடுங்க மேடம். பசங்கதானே."

"எப்படி விடறது? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

ஐம்பது என்றதும் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற ஆளும் இல்லை.

"நான்தான் ஆன்ட்டி கிழிச்சேன்."

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து மெலிதாக ஒரு குரல். ஜீவிதா. ஆறு வயது. மொட்டைத் தலை, கையில் டிரிப்ஸ் ஊசி. பக்கத்தில் இருந்த அவள் அப்பா குமரகுரு திடுக்கிட்டு எழுந்தார். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர்.

சுகாசினியின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பார்த்தீங்களா! என் கதையில வர்ற முயல்குட்டி மாதிரியே ஒத்துக்கிட்டா. எல்லாரும் கை தட்டுங்க!"

தட்ட முடிந்த குழந்தைகள் தட்டினார்கள்.

பெருமையோடு வராண்டாவுக்கு வந்தவரின் பின்னாலேயே குமரகுருவும் வந்தார்.

"மேடம், கிழிச்சது நான்."

"நீங்களா? அப்புறம் குழந்தை ஏன் பொய் சொல்லுது?"

"பொய் சொன்ன முயல்குட்டிக்குக் காய்ச்சல் வரும். கடைசிப் பக்கத்துல, செஞ்ச தப்பை ஒத்துக்கினதும் காய்ச்சல் போயிடும். அப்படித்தானே மேடம் எழுதியிருக்கீங்க?"

சுகாசினி தலையாட்டினார்.

"அதைப் பாத்ததுலேர்ந்து பாப்பா தான் செஞ்ச தப்பையெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிப் பாத்துச்சு. காய்ச்சல் போகல. மத்தப் பசங்களும் பாத்துடப் போறாங்கன்னுதான் எல்லாத்துலயும் கிழிச்சேன்."

வார்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப செய்யாத தப்பையெல்லாம் சொல்லிக்கினு இருக்குது மேடம். எங்க தறியில எலி கடிச்ச பாவு நூலைக்கூட, 'நான்தாம்பா அறுத்தேன், மன்னிச்சுடுப்பா'ன்னு என்னைக் கையெடுத்துக் கும்புடுது."