பின்கால் பக்கம் ஒரு பந்து

"டாக்டர், மறுபடியும் பந்து பின்கால் பக்கம் இருக்கு" என்றார் கோல்ஃப் பயிற்சியாளர். "முன்காலுக்கு நேரா இருக்கணும். பந்தை அடிக்காதீங்க. அதுக்கு ரெண்டு விரல் பின்னாடி மணலை அடிங்க. மணலே பந்தைத் தூக்கி வெளியே போட்டுடும்."

ஓய்வுபெற்ற பல் டாக்டர் தலையாட்டிவிட்டு, முன்பு நின்றபடியே நின்று அடித்தார். பந்து மணல்குழியின் விளிம்பில் முட்டி, அவர் காலடிக்கே உருண்டு வந்தது.

"எத்தனை பல்லைப் பிடுங்கின கை இது. ஒரு பந்தைக் குழியிலேர்ந்து எடுக்க முடியலையே."

"எட்டு மாசமா இதே கதைதான். பேசாம வேற பயிற்சியாளரைப் பாருங்களேன்."

டாக்டரின் முகம் தொங்கிப்போனது. "அப்படிச் சொல்லாதீங்க. அடுத்த செவ்வாயும் வந்துடுங்க."

கார் வரை போன பயிற்சியாளர், தொப்பியை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினார்.

குழிக்குள் டாக்டர் தனியாக நின்றிருந்தார். பந்து முன்காலுக்கு நேராக இருந்தது. மெத்தென்று ஒரு சத்தம். பந்து மணலோடு எழும்பி, கொடிக்கம்பத்தின் அடியில் போய் இறங்கியது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பந்துகள் கிடந்தன. பிறகு அவர், வீட்டில் யாரும் காத்திருக்காத நிதானத்தோடு, மணலை வாரிச் சமன்செய்ய ஆரம்பித்தார்.

பயிற்சியாளர் தொப்பியை எடுக்காமலே போய்விட்டார்.

அடுத்த செவ்வாய் டாக்டர் தொப்பியை நீட்டினார். பந்து வழக்கம்போல் பின்கால் பக்கம் இருந்தது.

"இது லேசுல வர்ற வித்தை இல்ல, டாக்டர்" என்றார் பயிற்சியாளர். "இன்னும் ரெண்டு மூணு வருஷமாவது ஆகும்."