தீவிலிருந்து வந்த சாவி

புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் அட்டையம்மா படிப்பதை நிறுத்தினார். உதட்டைக் கடித்துக்கொண்டார், கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த சொல்லருவி அதைப் பார்த்துப் பெரிய மனது பண்ணிப் புன்னகைத்தார். தன் எழுத்தைப் படித்து நெகிழாதவர்கள் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

சொல்லருவி என்பது பட்டம். கொடுத்தது யார் என்று விசாரித்துக்கொண்டே போனால் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். அகராதி நிலையத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் வேலைக்கு அன்று நேர்காணல். வந்திருந்தது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தன் பெயரைக் கேட்டே பயந்து ஒதுங்கிவிட்டதாக அவர் முடிவு கட்டியிருந்தார்.

நிலையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அப்பா தொடங்கிய நிலையம் என்பதற்காகப் போன மாதம் அந்த நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர். நாற்பது வருஷம் அடுத்தவர்களை வாயைப் பிளக்கவைத்தவர், இப்போது மொழியைப் பற்றி யார் அடித்துப் பேசினாலும் தான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அட்டையம்மா இருபத்தாறு வருஷமாக அங்கே சொல் அட்டைகளைப் பார்த்துக்கொள்கிறவர். சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் பொருள், பின்பக்கம் அந்தச் சொல்லைச் சொன்னவரின் பெயர், ஊர், தேதி. சுவர் முழுக்க இழுப்பறைகள், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் பூட்டு. இந்த அகராதியைக் காப்பியடித்து விற்ற இரண்டு பதிப்பகங்கள் கோர்ட்டில் மாட்டிக்கொண்டபோது பழைய பதிப்பாசிரியர் அந்த இழுப்பறையிலிருந்துதான் எதையோ எடுத்துக்கொண்டு போனார். அவர் இறந்த பிறகு அதன் சாவி அட்டையம்மாவிடம் இருந்தது.

சொல்லருவியின் புத்தகமும் சாவியைப் பற்றியதுதான். அந்தச் சொல் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது, நம்முடையது திறவுகோல், அவர்களுக்கு அது லத்தீனிலிருந்து கிடைத்தது, இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று கையை வீசி ஒதுக்கினார். லத்தீனுக்கும் முந்தைய வேரைக் கண்டுபிடித்தவர் உலகத்தில் ஒருவர்தானாம். தென்கடலில் ஒரு சின்னத் தீவு. ஒன்பதே பேர் பேசிய மொழி. அதில் ‘சவாயே’ என்றால் வாசலில் படுத்துக் காவல் காப்பவள். அந்தக் காவல்காரிதான் காலப்போக்கில் இரும்பாகி உலகத்துப் பூட்டையெல்லாம் திறந்தாள் என்று முந்நூறு பக்கத்துக்கு அளந்துவிட்டிருந்தார். அதற்கு இரண்டு பரிசு வேறு.

தலைவர் நியமன உத்தரவைப் பக்கத்தில் இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

“நான் வந்ததும் முதல் வேலை, இந்த அட்டைக் குப்பையை எடைக்குப் போடறதுதான்,” என்றார் சொல்லருவி. “அம்மாவும் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கட்டும். வேர்ச்சொல்லுக்கு மூளை வேணும், இழுப்பறை வேணாம்.”

நாற்பதாயிரம் அட்டைகள். பாதிக்கு மேல் அட்டையம்மா ஊர் ஊராக அலைந்து தன் கையால் எழுதியவை. அவர் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார்.

“ஒரு சின்ன சந்தேகங்க,” என்றார். “இந்தத் தீவுச் சொல்லை எங்க அகராதியில பாத்து எடுத்தீங்களா, நேர்ல போய்க் கேட்டீங்களா?”

சொல்லருவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க அகராதியா? நான் அதைத் தொட்டதுகூட இல்லைம்மா. அந்தத் தீவுல ஆறு மாசம் இருந்தேன்.”

யார் சொன்னார்கள் என்று அட்டையம்மா பணிவாகக் கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. அந்த மொழி பேசிய கடைசி மனிதன் ஒரு படகோட்டியாம். சொல்லருவியின் கையைப் பிடித்தபடி ‘சவாயே, சவாயே’ என்று சொல்லித்தான் கண்ணை மூடினானாம். தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரையிலிருந்து எத்தனை நாள் பயணம் என்று அட்டையம்மா கேட்டதற்கு, இரண்டு நாள், கடல் கொஞ்சம் மோசம் என்று பதில் வந்தது. தண்ணீர்க் கிணறு உண்டா என்று கேட்டபோது சொல்லருவிக்குப் பொறுமை போய்விட்டது.

“தூசி தட்டறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்றார்.

அட்டையம்மா எழுந்தார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டியிருந்த இழுப்பறையைத் திறந்தார். பழுப்பேறிய ஓர் அட்டையைத் தேடி எடுத்துத் தலைவர் முன்னால், நியமன உத்தரவின் மேலேயே வைத்தார்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சவாயே. தென்கடல் தீவு. பேசுவோர் ஒன்பது பேர். வாசலில் படுத்துக் காவல் காப்பவள். புத்தகத்தில் இருந்தது எழுத்து மாறாமல் அதில் இருந்தது. அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் ஊர் இல்லை. சொன்னவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அட்டையம்மாவின் கையெழுத்து இருந்தது, இருபது வருஷத்துக்கு முந்தைய தேதியோடு.

“இதுல உங்க பேரு இருக்கே,” என்றார் தலைவர் ஒன்றும் புரியாமல். “அப்ப நீங்களும் அந்தத் தீவுக்குப் போயிருக்கீங்களா?”

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பு அட்டையம்மாவின் முகத்தில் இப்போது வந்துவிட்டது.

“இல்லைங்க. காப்பியடிக்கிறவங்களைப் பிடிக்க அகராதியில தொகுதிக்கு ஒரு பொய்ச் சொல் வைப்போம். அந்தத் தீவு, நான் வச்சது.”