எரியாத வால்வு

மாமியார் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

மருமகள் அன்று ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். மாமனார் வாக்கிங் போயிருந்தார். அவருடைய அறைக்கதவு ஒருக்களித்துக் கிடந்தது. எட்டிப் பார்த்தால், மாமியார் ஒரு பழைய ரேடியோ ட்யூனரின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, பல்பு மாதிரி இருந்த ஒரு கண்ணாடி வால்வை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். அது பாதி மேலே வந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் பலகையை மூடினார்.

அடக் கடவுளே! வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று ரிப்பேர் ஆவது இப்படித்தானா?

மாமனார் ரிட்டயர்டு லிஃப்ட் மெக்கானிக். அவர் உயிரே அந்த அறையில்தான் இருந்தது. சுவரை மறைத்து ஷெல்ஃப், ஷெல்ஃப் கொள்ளாமல் வால்வு ட்யூனர்கள். முழு ரேடியோகூட இல்லை. ஸ்டேஷனைப் பிடித்துக் கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. சத்தம் கேட்க வேறொரு பெட்டியோடு இணைக்க வேண்டும்.

"ஃபோன்லயே எல்லாப் பாட்டும் வருதே மாமா, இதுல அப்படி என்ன இருக்கு?" என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள்.

"ஃபோன் கேட்டதும் குடுத்துடும்மா. இதுல நாமதான் தேடணும்" என்றவர், விளக்கை அணைத்துவிட்டு அவளையே குமிழைத் திருப்பச் சொன்னார். வால்வுகள் சூடேறும்வரை காத்திருந்தார்கள். ஒரே இரைச்சல். திருப்பத் திருப்ப, எங்கிருந்தோ ஒரு குரல் தெளிந்து வந்தது. முகப்பில் பச்சைக் கண் மாதிரி எரிந்த விளக்கின் இரண்டு பாதிகளும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன. அவளுக்கே சிலிர்த்துவிட்டது.

அப்படி ஆசையாகச் சேர்த்த பொருளில் கைவைக்க எப்படி மனசு வந்தது?

"என்ன அத்தை பண்றீங்க?"

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெதுவாப் பேசு! அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத."

"பாவம் அத்தை, மாமா பொழுதன்னைக்கும் முதுகொடிய உக்காந்து ரிப்பேர் பண்றார்."

"அதுக்குத்தாம்மா பண்றேன்." மாமியார் கதவைச் சாத்தினார். "நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, ரிட்டயரான புதுசுல, இருந்ததையெல்லாம் ரிப்பேர் பண்ணி முடிச்சிட்டார். அப்புறம் பாக்கணுமே! சுவத்தையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டா பசிக்கல, படுக்கச் சொன்னா தூக்கம் வரல. ஒருநாள் வாய்க்கு வந்த சாமியையெல்லாம் வேண்டிக்கிட்டு ஒரு வால்வை ஆட்டி விட்டேன். மனுஷன் அன்னிக்குத்தான் ஸ்க்ரூட்ரைவரைத் தேடினார்."

மருமகளுக்கு அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. ஆனாலும், ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரிசெய்த மனிதரை வீட்டிலேயே ஏமாற்றுவது சரிதானா என்று உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

சாயங்காலம் மாமனார் வந்து அதே ட்யூனரைப் போட்டார். உயிர் இல்லை.

"இதுவும் போச்சா! இங்க வாயேன். முன்னாடி உக்காந்து பச்சைக் கண்ணு ஒட்டுதான்னு பாத்துச் சொல்லு."

மாமியார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாமனார் பின்னால் போனார்.

"இப்ப?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

"கண்ணை நோண்டியா வெக்க முடியும்? இல்லன்னா இல்ல."

அப்படியே பேச்சு வளர்ந்தது. மாமியார், செத்துப்போன தன் தங்கை சின்ன வயதில் ரேடியோ குமிழைப் பிடுங்கி ஒளித்துவைத்த கதையைச் சொல்லிச் சிரித்தார்.

காபி கொண்டுவந்த மருமகள் அப்போதுதான் ட்யூனரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். உள்ளே எல்லா வால்வுகளும் தணல் மாதிரி சிவந்திருந்தன. ஒன்று மட்டும் இருட்டாக, சாய்ந்து நின்றது. ஒன்றும் தெரியாத அவளுக்கே பளிச்சென்று தெரிந்தது. மாமனாரின் ஸ்க்ரூட்ரைவர் அதன் பக்கத்தில் வந்தது, அதைத் தாண்டிப் போய் வேறு எதையோ நோண்டியது.

வெகுநேரம் கழித்துத்தான் பச்சைக் கண் ஒட்டியது. "வந்துடுச்சு!" என்று மாமியார் குழந்தை மாதிரி கைதட்டிவிட்டு, காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமா, உங்க கண்ணை ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமா? அந்த ஒரு வால்வு மட்டும் எரியவே இல்லையே..."

மாமனார் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டார். "உனக்கும் தெரிஞ்சுபோச்சா? உங்க அத்தைகிட்ட சொல்லிடாதம்மா."

"அத்தை பண்றது உங்களுக்குத் தெரியுமா!"

"எந்த வால்வு எரியலன்னு கண்டுபிடிக்க மெக்கானிக் எதுக்கு?" அவர் குரல் தணிந்தது. "நான் சுவத்தையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்ததைச் சொன்னாளா? அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அவ படுத்துக் கிடந்தா. தங்கச்சி போனதிலேர்ந்து சோத்தைப் பொங்கி வெச்சுட்டுப் போய்ப் படுத்துக்குவா, சாப்பிடக் கூப்பிடறதோட சரி, யார்கூடயும் பேச்சே இல்ல. எனக்குச் சோறு எப்படி இறங்கும்? வேலை இல்லாத கவலைன்னு அவளா நினைச்சுக்கிட்டா. எனக்காக எழுந்து வந்து, அந்த வால்வை ஆட்டிவிட்டா. நான் உடனே கண்டுபிடிச்சிருந்தா, மறுபடி போய்ப் படுத்திருப்பா."

மருமகள், அத்தை உட்கார்ந்திருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் ஸ்க்ரூட்ரைவரைத் துடைத்துக்கொண்டே மூலை ஷெல்ஃபில் இருந்த ட்யூனரைக் காட்டினார்.

"அவ வரிசைப்படி, அடுத்தவாரம் அதுதான். பின்பலகை ஸ்க்ரூ ரொம்ப டைட்டு, அவ கை வலிக்கும். நானே கொஞ்சம் தளர்த்தி வெச்சிருக்கேன்."