பயில்வான் பொடி

“குழந்தையோட பால் மாவு டப்பா மறுபடியும் காலி, அண்ணி. நேத்துத்தான் பிரிச்ச மாதிரி இருக்கு.”

இடுப்பில் குழந்தையோடு தம்பி மனைவி புகார் வாசித்தாள். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வந்திருந்த அக்கா இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“எலி கிலி ஏதாவது வருதா?”

“எந்த எலி மூடியைத் திருகி மூடிட்டுப் போகும்? எல்லாம் உங்க தம்பிதான். கைச்சதையை வளர்க்கப் பெத்த குழந்தை வயித்துல அடிக்கிறார்.”

தம்பிக்குத் தெருவில் பயில்வான் என்று பெயர். தெருக்கோடியில் ஜிம் வைத்திருக்கிறான். வாசல் கதவில் நேராக நுழைய முடியாமல் கொஞ்சம் சாய்ந்துதான் வருவான். பால் மாவு என்ன, பால்காரரையே காணவில்லை என்றாலும் இவன்மேல்தான் சந்தேகம் வரும்.

‘ரெண்டு வார்த்தை கேட்டுவிடுவோம்’ என்று தம்பியைத் தேடி அக்கா அப்பாவின் அறைக்குப் போனாள். உள்ளே பார்த்ததும் பால் மாவு மறந்துபோனது.

கட்டில் ஓரத்தில் பயில்வான் உட்கார்ந்திருந்தான். அப்பா கையில் பாதி குடித்த டம்ளர். மேஜைமேல், புஜத்தை மடக்கிக்கொண்டு ஒருவன் முறைக்கும் அமினோ பொடி டப்பா. தசை வளர்க்கவென்று தம்பி ஜிம்மில் விற்பது.

“டேய், நீ மனுஷனா?”

“அக்கா, கொஞ்சம் மெதுவா…”

“டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் உட்கார வச்சு என்னடா சொன்னார்? அப்பாவுக்கு ஈரல்ல இருக்கறது கேன்சர் கட்டி. இந்த மாதிரிப் பொடியில சிலது உடம்போட சேர்த்துக் கட்டியையும் வளர்த்துடுமோன்னு சந்தேகம் இருக்கு, சிலது ஈரலுக்கு நல்லதுன்னும் சொல்றாங்க, அதனால என்னைக் கேட்காம எதையும் குடுக்காதீங்கன்னு சொன்னாரா இல்லையா?”

“சொன்னார்.”

“பாலும் முட்டையும் குடுத்து எடையை ஏத்துங்க, ஏறினாத்தான் ஆபரேஷன்னு சொன்னாரா இல்லையா?”

“சொன்னார்க்கா.”

“அப்புறமும் உன் வியாபாரத்தை அப்பாகிட்டயே காட்டறியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?”

அப்பாதான் குறுக்கே புகுந்தார்.

“அவனைத் திட்டாதேம்மா. பால் எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? வாடை பட்டாலே குமட்டும். இவன் பொடி ஒண்ணுதான் உள்ளே இறங்குது. பாரு, பெல்ட்டுல ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கேன்.”

அப்பாவுக்கும் பாலுக்கும் ஏழாம் பொருத்தம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கட்டாயப்படுத்திக் கொடுத்த பாலைச் சட்டைப் பையில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் அவர்.

“ஏறினது நீங்களா, கட்டியான்னு யாருக்குப்பா தெரியும்?”

அக்கா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு விடுவிடுவென்று சமையலறைக்கு நடந்தாள். பின்னாலேயே பயில்வான் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தான்.

“வேண்டாம்க்கா. சொன்னா கேளு.”

“இதைக் குப்பையில கொட்டிட்டுத்தான் எனக்கு மறுவேலை.”

மூடியைத் திறந்து குப்பைக் கூடைமேல் சாய்க்கப் போனாள். அதற்குள் தம்பி மனைவியின் இடுப்பிலிருந்த குழந்தை எட்டி, டப்பாவுக்குள் கையை விட்டுவிட்டது. தாய் பதறிக் கையைப் பிடிப்பதற்குள் அது விரலைச் சப்பி முடித்து, இன்னொரு கையையும் நீட்டியது.

தம்பி மனைவி டப்பாவை மோந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“அண்ணி, இது எங்க வீட்டுப் பால் மாவு.”

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பயில்வான் ஒளிந்துகொள்ள இடம் தேடினான். அந்த உடம்புக்கு அந்தச் சமையலறையில் எங்கே இடம் கிடைக்கும்?

“டாக்டர் சொன்ன அன்னிக்கே அசல் பொடியைக் கொட்டிட்டேன்க்கா. பால்னு சொன்னா அப்பா வாயைத் திறக்க மாட்டார். என் டப்பாவுல இருந்து எடுத்துக் குடுத்தா கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கிறார். வாடை தெரியாம இருக்க டம்ளர்ல துளி காபித்தூள் கலக்கறேன்.”

“அதுக்குக் கடையில தனியா ஒரு டப்பா வாங்கித் தொலைக்கக் கூடாதா?” என்றாள் மனைவி.

“நான் பால் மாவு வாங்கறதை நாலு பேர் பார்த்தா ஜிம்முக்கு எவன் வருவான்?”

சிரிப்பதா அழுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. மனிதனா என்று கேட்ட வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

“அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதேக்கா. தெரிஞ்சா நிறுத்திடுவார்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுக்க வெளியே போனான் பயில்வான்.

அக்கா டப்பாவைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

“மிச்சத்தையும் குடிங்கப்பா. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். நல்ல பொடிதான்.”

அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மகன் கார்ப் பக்கம் போய்விட்டது தெரிந்ததும், மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்தார். உடம்பு ஒரு முறை உதறிப்போட்டது.

“பால் மாவுன்னு எனக்கு முதல் வாய்லயே தெரியும்மா.”

அக்கா திகைத்துப் போனாள். “அப்புறம் ஏம்ப்பா குமட்டக் குமட்டக் குடிக்கறீங்க?”

“காலையில போனா ராத்திரிதான் வீட்டுக்கு வருவான். இப்ப மூணு வேளையும் ஜிம்மைப் பூட்டிட்டு ஓடி வந்து, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான். எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. தெரிஞ்சா நிறுத்திடுவான்.”