அவள் பார்த்தால் அணி தோற்கும்

"நீ டிவி முன்னாடி வந்து உட்கார்ந்தாலே விக்கெட் விழுது. உள்ளே போ!"

கல்யாணமான நாளிலிருந்து கணவர் பாடும் பாட்டு இதுதான். தையல்காரியான அவளும் நாட்டு நலன் கருதி, தையல் மெஷினே கதியென்று அடுத்த அறையில் கிடந்தாள். நம் அணி உலகக் கோப்பையை வென்றதைக்கூடத் தெருவில் கேட்ட கூச்சலை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அப்போது அவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். அணியின் சட்டையைப் போலவே அவள் தைத்துக் கொடுத்த இரண்டு சட்டைகளும் அவர் பெட்டியில் போயின. ஒன்று அவருக்கு, இன்னொன்று மேனேஜருக்கு.

"மேனேஜர் இவ்வளவு ஒல்லியாங்க?"

"டயட்ல இருக்கார். நான் இல்லேன்னு டிவியைப் போட்டுடாதே!"

அவள் போடவில்லை.

இன்று டிவியில் அணியின் வெற்றி வரலாறு ஓடியது. அவர் கடைக்குப் போயிருந்தார். முடிந்துபோன மேட்ச்தானே, இனி தன் கண் பட்டு என்ன ஆகிவிடும் என்று முதல்முறையாக உட்கார்ந்தாள். இறுதிப்போட்டியின் கடைசிப் பந்து. சிக்ஸர்! பந்து கூட்டத்துக்குள் பறக்க, கேமராவும் கூடவே போனது.

திரும்பி வந்த கணவர் வாசலிலேயே பதறினார். "எதுக்குடி டிவியைப் போட்டே?"

"பயப்படாதீங்க, நான் பார்த்தும் ஜெயிச்சுட்டாங்க."

பந்தைப் பிடித்தவரின் கழுத்தைப் பக்கத்திலிருந்த பெண் கட்டிக்கொண்டதை டிவி மறுபடியும் காட்டியது.

"கேட்சை நல்லாத்தான் பிடிச்சிருக்கீங்க," என்றாள் அவள். "மேனேஜருக்கும் சட்டை கச்சிதமா இருக்கு."