மேஜை காலியில்லை

"கறி சூப்பு, கோழிக் கல்லீரல், ரொட்டி" என்றாள் ஹிந்தா. சத்தமாகவே சொன்னாள். ஜன்னலோர மேஜை, பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

எதிர்ச்சாரி யூத ஜெபக்கூடத்தில் அப்போதுதான் இடைவேளை விட்டிருந்தார்கள். நோன்பு நாளில் தோல் செருப்பு ஆகாது என்று துணிச் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்த கூட்டம், கடையைப் பார்த்து அப்படியே நின்றது. நேற்றுப் பொழுது சாய்ந்ததிலிருந்து இன்று இருட்டும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. செய்த பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கும் நாள், வருஷத்துக்கு ஒன்று.

அன்றைக்குப் பார்த்து லெம்பர்ஸ்கி சாப்பாட்டுக் கடையைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பதினோரு மேஜை. அத்தனையிலும் சட்டைப் பட்டறையில் தைக்கிற பெண்கள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு பெஷா வந்தாள். ஹிந்தா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. வாசற்படியில் கால்படாமல் வெளியிலேயே நின்றாள்.

"ஏண்டி ஹிந்தா! ஊர்ல உங்கப்பன் இந்நேரம் நின்னு நின்னு கால் வீங்கி ஜெபம் பண்ணிட்டிருப்பாரு. உனக்கு இங்க கல்லீரல் கேக்குதா?"

பக்கத்தில் இருந்த ட்ஸிவியா களுக்கென்று சிரித்தாள். ஹிந்தா மேஜைக்கடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தாள். துணிச் செருப்பால் மிதித்தால் வலிக்கவா போகிறது; ட்ஸிவியா இன்னும் சிரித்தாள்.

ஷிஃப்ரா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு உதடு வெடித்திருந்தது. "இன்னைக்கு வரலேன்னா என்னைக்கும் வர வேணாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"இவ பொழைப்புக்காக நிக்கிறா. வெறும் வயித்தோட பரிமாறுறா, பாவம், அது எனக்குப் புரியுது" என்றாள் பெஷா. "உன்கூட ஒரே கட்டில்ல படுக்கிறவ. அவ கையாலயே வாங்கித் திங்க வெக்கமா இல்ல உனக்கு?"

லெம்பர்ஸ்கி கையைத் துடைத்தபடி வந்தார். கடை நிறைந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"ஏம்மா கத்துறீங்க? இது அமெரிக்கா. கப்பலை விட்டு எறங்கும்போதே பழசையெல்லாம் கடல்ல போட்டாச்சு. இந்தப் பொண்ணுங்களுக்கு இருக்கிற தைரியம் ஆம்பளைங்களுக்கு இல்ல. நீ சாப்பிடு கண்ணு."

பெஷா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னைக்கு மூட்டை தூக்கக் கூடாத நாள், அதனால பொழைச்சே. நாளைக்கு விடியட்டும். உன் மூட்டை படிக்கட்டுல கிடக்கும்."

சொன்னால் செய்கிறவள் பெஷா. பாலும் கறியும் சேரக் கூடாது என்ற விதியை மீறி, போன மாதம் பால் பாத்திரத்தில் கறியைச் சூடு பண்ணிய ஒருத்தியை அன்றைக்கே வெளியே தள்ளினாள். பட்டறைக் கூலிக்கு இந்த நியூயார்க்கில் இன்னொரு பாதிக் கட்டில் கிடைக்க மாதக் கணக்காகும். அதுவரை எங்கே போய்ப் படுப்பது என்று ஹிந்தாவுக்குத் தெரியாது.

லெம்பர்ஸ்கி இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஹிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கிடக்கட்டும் அக்கா. படிக்கட்டு அகலமாத்தானே இருக்கு."

"வாயைப் பாரு, வாயை!"

பற்றவைத்த சிகரெட்டோடு மூன்று இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். சாமி, பூதம் எதுவும் இல்லை என்று தெருமுனையில் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள். ஹிந்தாவின் தட்டைப் பார்த்து ஒருவன் கைதட்டினான்.

"சபாஷ் தங்கச்சி! இப்படித்தான் இருக்கணும். முதலாளி, எங்களுக்கு இடம்?"

"பத்தே நிமிஷம் தம்பி. இதோ எந்திரிச்சிடுவாங்க."

பத்து நிமிஷம் அரை மணியாயிற்று. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பின்னால் வந்த ஐந்து பேரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கொண்டுபோய் வைக்கக் காலி மேஜை இல்லாமல் ஷிஃப்ரா சுவரோரம் ஒரு பெட்டியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். வாசலில் பெஷா மட்டும் ஓயவில்லை. ஹிந்தாவின் வம்சத்தில் மூன்றாம் தலைமுறைக்குப் போய்விட்டிருந்தாள்.

லெம்பர்ஸ்கி பொறுமையிழந்து ஜன்னலோரம் வந்தார். ஹிந்தாவின் சூப்பின் மேல் கொழுப்பு ஏடு கட்டியிருந்தது. அடுத்த மேஜையைப் பார்த்தார். அங்கேயும் ஏடு. விறுவிறுவென்று பதினோரு மேஜையையும் சுற்றி வந்தார். ஒரு ரொட்டியும் பிய்க்கப்படவில்லை.

"என்ன இது? ஒருத்திகூட ஒரு வாய் வைக்கல? சூப்பு நல்லா இல்லையா?"

"நல்லா மணக்குதுங்க" என்றாள் ஹிந்தா.

"அப்ப சாப்பிட்டு எந்திரிங்க! வந்த ஆளெல்லாம் திரும்பிப் போறான்!"

"சாப்பிட்டுத்தான் எந்திரிப்போம். இருட்டி, வானத்துல மூணு நட்சத்திரம் தெரியட்டும்."

லெம்பர்ஸ்கி ஜன்னல் வழியாக வானத்தை எட்டிப் பார்த்தார். வாசலில் பெஷாவின் திட்டு பாதியில் நின்றது. பதினோரு மேஜையையும் ஒரு முறை பார்த்தாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டி நேராக ஹிந்தாவிடம் வந்தாள்.

"தள்ளி உக்காருடி."